முள்முடிக்கு என் மரமா?

அந்த மரத்தை வெட்டிச் சாய்க்கப்போவதாக என் புருஷன் ரொமேஷ் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோடை, அதாவது ஆரஞ்சு மரம். உக்குவளையில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருடம் விதை போட்டு நான் வளர்த்தது. வீட்டில் இது என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. கூரைக்கு மேலே போய்விட்டது, ஒரு பழம் கிடையாது. உடம்பெல்லாம் விரல் நீள முள்.

"மலட்டு மரம். பெரிய வெள்ளி முடியட்டும், வேரோட எடுத்துட்டு ஆட்டோவுக்கு ஷெட் போடப்போறேன்" என்றார்.

பெரிய வெள்ளிவரை பொறுப்பதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு எங்கள் மாதா கோயிலில், இயேசு சிலுவைப்பட்ட கதையைக் காட்டும் பாஸ்கு நாடகம். இயேசுவாக நடிப்பவர் ரொமேஷ். முள்முடிக்கு முள் போவது என் மரத்திலிருந்து. நாடகத்தை நடத்தும் ரபாயேல் அண்ணன் தவக்காலம் வந்ததும் கத்தியோடு வந்து, எட்டிய கிளையையெல்லாம் மொட்டையடித்துவிட்டுப் போவார். சாமி காரியமாயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை முழுக்க மழை. ஒழுகுகிற தகரத்தைப் பார்க்கக் கூரையில் ஏறினேன். கத்தி எட்டாத ஒரு கிளை அங்கே சாய்ந்து கிடந்தது. தடவிப் பார்த்தேன், முள்ளே இல்லை. இலைக்கடியில் சுண்டங்காய் அளவில் பிஞ்சுகள். அட பாவிகளா! ஆடு மாடு கடிக்காமலிருக்கத்தான் இளம் மரம் முள் விடுகிறது. முதிர்ந்த கொம்பில் முள் குறைந்து காய் வரும். இவர்கள் வருடா வருடம் வெட்ட, வெட்டிய இடத்தில் மறுபடி இளங்கொம்பு, மறுபடி முள். காய்க்கவும் விடாமல் மலடு என்று பெயர் வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுப் பின்னேரம் ரபாயேல் அண்ணன் கத்தியோடு வந்தார். நான் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"இந்த முறை வெட்ட விடமாட்டேன். மேல ஏறிப் பாருங்க, பிஞ்சு புடிச்சிருக்கு."

"என்ன தங்கச்சி, சாமிக்குத்தானே கேக்குறோம்?"

"சாமி எங்க கேட்டாரு? நீங்கதான் கேக்குறீங்க."

பக்கத்தில் நின்ற ரொமேஷுக்கு முகம் சிவந்தது. "சனம் பாக்குறதே அந்த முள்ளைத்தான். நெஜ முள்ளு இல்லாட்டி என்னா பாஸ்கு? தள்ளு."

"நெஜ முள்ளா? உள்ளுக்குப் பஞ்சு வச்சுத் தச்சுக் குடுக்கிறது யாரு? நான்! இத்தனை வருசத்துல ஒரு முள்ளு உங்க தலையில பட்டிருக்கா? பஞ்சு இல்லாம போடுறேன்னு சொல்லுங்க, இப்பவே நானே வெட்டித் தாறேன்."

ரபாயேல் அண்ணன் சிரிப்பை அடக்கமாட்டாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கம்பியில செய்வோம் அண்ணே" என்று முணுமுணுத்துவிட்டு ரொமேஷ் உள்ளே போனார்.

ஷெட்டைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதற்காக நான் நம்பிவிடுவேனா? வீட்டிலிருந்த கத்தி, கோடாலி இரண்டையும் பக்கத்து வீட்டு பாப்பம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பழம் பழுத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன்.