அம்மாவுக்கு ஒரு ஹோம்வொர்க்

நீச்சல் வகுப்பில் சேர வேண்டுமானால் ஜீவிதா தன் சட்டைப் பட்டனைத் தானே போட வேண்டும். ஏழு வயதாகியும் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அதற்காகத்தான் சிட்லபாக்கத்தில் ஆக்குபேஷனல் தெரபி. போன வாரம் தெரபிஸ்ட் விஷ்ணுப்ரியா, துளையிட்ட அட்டையும் கயிறும் கொடுத்து, ஜீவிதாவை வீட்டில் கோத்து வரச் சொல்லியிருந்தார்.

அம்மா அருள்மேரி அட்டையைப் பெருமையாக நீட்டினாள். நடுவில் கயிற்றால் பின்னிய ஒரு மயில் வேறு இருந்தது.

"இந்தக் கைக்கு தெரபியே தேவையில்லையே. யாரோட கை?" என்றார் விஷ்ணுப்ரியா.

"அம்மாவோடது. ஸ்கூல் ப்ராஜெக்ட்டும் அம்மாதான்," என்றாள் ஜீவிதா.

"கோணலா இருந்தா நல்லாவா இருக்கும் மேடம்?" என்றாள் அருள்மேரி.

"எனக்குக் கோணல்தான் வேணும். இன்னிக்கு உங்களுக்குத்தான் ஹோம்வொர்க். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க."

ஜீவிதா தன் சட்டைப் பட்டனைப் போட முயன்றாள். முதல் பட்டன் நழுவியது. அருள்மேரியின் வலது கை மெல்ல வெளியே வந்தது.

"மேடம், அம்மா ஹோம்வொர்க் பண்ணல."

கை உள்ளே போனது. வெகுநேரம் போராடிய பிறகு பட்டன் ஏறியது.

"அது அடுத்த பட்டனோட ஓட்டைடி..." என்றாள் அருள்மேரி.

"வாய்க்கும் ஹோம்வொர்க் குடுங்க மேடம்," என்றபடி ஜீவிதா இரண்டாவது பட்டனைப் பிடித்தாள்.