மேற்படி யாளி தொடர்பாக

பூவராகன் தன் நாவலைப் பற்றிப் பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவதற்குப் பதிலாக ஆட்சியர் அலுவலகத்து மனுப் பெட்டியில் போட்டுவிட்டார். திங்கட்கிழமை போட்டார். புதன்கிழமை காலையில் ஊர் ஏரியைக் காணவில்லை.

தவறு அவருடையதுதான். அதை அவர் மறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த அலுவலகத்து வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் அவர். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, அண்ணன் தம்பி வாய்க்கால் தகராறு, எல்லாம் அவர் கை பட்டுப் போனவைதான். எழுதி முடித்ததும் கால் தானாக மனுப் பெட்டியை நோக்கி நடக்கும். திங்கட்கிழமையும் நடந்தது. அவரும் கூடப் போய்விட்டார்.

கடிதத்தையாவது கடிதம் மாதிரி எழுதியிருக்கலாம். அதுவும் அவருக்கு வராது. பேனா மூடியைத் திறந்தால் மனுதான் வரும்.

'பொருள்: மாய நாவல் – வெளியிட வேண்டுதல் – தொடர்பாக. பார்வை: எனது பதினோரு ஆண்டுகள். ஐயா, மேற்படி நாவலில் ஏழு தலை யாளி ஒன்று ஊர் ஏரிக்கு வந்து தண்ணீர் முழுவதையும் குடித்துவிடுகிறது. மேற்படி யாளியை அப்புறப்படுத்த ஒருவராலும் இயலவில்லை. ஐயா அவர்கள் இதன் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இணைப்பு: நாவல், 812 பக்கங்கள்.'

அரசாங்கம் தக்க நடவடிக்கை எடுத்தது. யாளி வந்தது. ஏரியைக் குடித்தது.

சாதாரணமாக ஒரு மனு நகர ஆறு மாதம் ஆகும். இது இரண்டே நாளில் நடந்ததில் பூவராகனுக்குத் தொழில் ரீதியாக ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மரத்தடியில் கூட்டம் அலைமோதியது. முதலில் வந்தவர் வாத்து மேய்க்கும் அஞ்சலாட்சி.

"எழுதுங்கய்யா. ஏரியக் காணோம்னு எழுதுங்க."

"எப்பலேர்ந்து?"

"விடிஞ்சதுலேர்ந்து. நூத்திப் பத்து வாத்து. எல்லாம் பாதி வழியிலேயே திரும்பி ஊட்டுக்கு வந்துடுச்சுங்க. ஒண்ணுக்கும் மூஞ்சி சரியில்ல."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"ஏழு தல வச்சிக்கிட்டு ஒண்ணு நிக்குது. அதும் மேல தப்பில்ல. பாவம், சொன்னத செய்யுது. எந்தப் படுபாவி ஏவிவிட்டானோ, அவனக் கண்டுபிடிக்கணும்."

'படுபாவி' என்பதைப் பூவராகன் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதினார். அன்று மட்டும் முப்பத்தொன்பது மனு எழுதினார். எல்லாமே அவருடைய கடிதத்தைவிட நன்றாக வந்தன.

முப்பத்தொன்பதையும் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது கண்காணிப்பாளர் கலியமூர்த்தி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஓய் பூவராகன். உம்ம மனு நாலாயிரத்து நானூத்தி எழுபத்தி ஒண்ணு. மேல போயிருக்கு."

"அது மனு இல்ல சார். கடுதாசி."

"பெட்டில விழுந்தா மனு."

"திரும்ப வாங்கிக்கலாமா?"

"முடியாது. துறைங்ககிட்ட கருத்து கேட்டிருக்கு. தெளிவா ஒரே ஒரு கருத்து பதிவாகணும். பதிவானா ஃபைல முடிச்சிருவோம். முடிச்சா ஏரி வந்துரும்."

"எதப் பத்திக் கருத்து சார்?"

"கடுதாசி நல்லாருக்கா, இல்லியான்னு."

பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. பூவராகனின் மனைவி அந்த நாவல் தாள்களைக் கிரைண்டர் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார். மைத்துனர் "கண்டிப்பா படிக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டு ஆறு வருடமாக வீட்டுப் பக்கமே வருவதில்லை. இப்போது அரசாங்கமே எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறது. ஏரி போன துக்கத்துக்கு நடுவே அவர் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அதற்காக வெட்கப்பட்டார். மறுபடியும் துள்ளியது.

"இணைப்பு எங்க சார் இருக்கு?"

"பதிவறைல. தையல்நாயகி அம்மா பக்க நம்பர் போட்டுட்டிருக்காங்க. பத்தொம்போது வருஷ சர்வீஸ். ஒரு பக்கம் விட்டதில்ல. போன வருஷம் ஒரு ஃபைல்ல தோசை ஒட்டிக்கிட்டு வந்துது. அதுக்கும் நம்பர் போட்டாங்க."

"நான் நேர்ல போய்க் கருத்து கேக்கலாமா?"

"போம். தாழ்வாரம் கொஞ்சம் நீளம்."

தாழ்வாரம் நீளமாகத்தான் இருந்தது. முதல் அறை பொதுப்பணித் துறை. பொறியாளர் கடிதத்தை மேசையில் விரித்து, டேப்பால் அளந்துகொண்டிருந்தார்.

"ஒரு பக்கம்தான் சார்" என்றார் பூவராகன்.

"இணைப்பு?"

"எண்ணூத்திப் பன்னெண்டு."

"கொள்ளளவுக்கு மேல இருக்கு. ஆனா கரை பலமா இருக்கு."

"அப்படின்னா நல்லாருக்குங்களா?"

"ஒரு மழைக்காலம் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் புதிதாக ஓர் அறை கூடியிருந்தது.

இரண்டாவது வருவாய்த் துறை. அங்கிருந்த வட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இந்த மாதிரி யாளி இதுக்கு முன்னாடி எந்தக் கிராமத்துல வந்துது? ரெண்டு உதாரணம் வேணும். அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கணும்."

"வந்ததே இல்லீங்க. இதான் மொதல்."

"மொதல்னா ரிஸ்க்கு."

"உதாரணம் இருந்தா?"

"ஏற்கெனவே ரெண்டு யாளி இருக்கும்போது இது எதுக்கு?"

"அப்ப கருத்து என்னங்க?"

"ரெண்டும்தான்" என்று சொல்லி அவர் முத்திரை குத்தினார். மூன்று அறைகள் கூடின.

மீன்வளத் துறையில் அலுவலர் சுவரோரம் நின்று சுற்றிக்கொண்டிருந்தார். இடமாறுதல் உத்தரவு வந்த நாளிலிருந்து அவர் மின்விசிறியாகத்தான் இருக்கிறார் என்று உதவியாளர் சொன்னார். மூன்றில் வைத்தால் பேச்சு புரியாது என்று அவரை ஒன்றில் வைத்தார்.

"கதையோட முடிவக் கடுதாசில சொல்லிடணும்" என்றார் அலுவலர், இடது பக்கம் திரும்பும்போது.

"சொல்லவே கூடாது" என்றார், வலது பக்கம் திரும்பும்போது.

பூவராகன் நான்கு சுற்று காத்திருந்தார். "நடுவுல நிறுத்த முடியுங்களா?" என்று உதவியாளரைக் கேட்டார்.

"நிறுத்தலாம். நடுவுல நின்னா காத்து மட்டும்தான் வரும்."

அதற்கப்புறம் தாழ்வாரத்தில் எத்தனை அறை கூடியது என்று எண்ண முடியவில்லை. தூரத்தில் ஒரு பஸ் நிறுத்தம் தெரிந்தது. அதைத் தாண்டி இன்னொன்று. அவர் நடந்தார். இரண்டாவது நிறுத்தத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். கை கழுவத் தண்ணீர் இல்லை. அதற்கும் காரணம் தான்தான் என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த பெஞ்சில் யாளி உட்கார்ந்திருந்தது. டோக்கன் நாற்பத்தாறு. ஆறு தலைகள் டீ குடித்துக்கொண்டிருந்தன. ஏழாவது அவரைப் பார்த்தது.

"நீங்கதானா?"

"நான்தான்."

"என்னயக் குடிகாரன் மாதிரி எழுதியிருக்கீங்க."

"அப்படி நெனச்சு எழுதல."

"ஒரே பக்கத்துல மேற்படி, மேற்படின்னு. எனக்குப் பேர் இல்லியா?"

"இருக்கு. நாவல்ல இருக்கு."

"கடுதாசில?"

"இல்ல."

நான்கு தலைகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டன. பதினோரு வருடம் பூவராகனின் கூடவே இருந்த பிராணி அது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட அதற்கு ஒரு பத்தி எழுதிவிட்டுத்தான் கஞ்சி குடித்தார். கடைசியில் அறிமுகப்படுத்தச் சொன்னபோது ஆக்கிரமிப்பு கேஸ் மாதிரி எழுதிவிட்டார்.

"கடைசி ரூமுக்குப் போங்க" என்றது யாளி, டீ டம்ளர்களை அடுக்கியபடி. "அங்க ஒரு அம்மா இருக்காங்க. பேர் சொல்லி என்னயக் கூப்ட்டாங்க."

பூவராகன் எழுந்து நின்றார். அந்தப் பெயர் நாவலில் நாற்பத்தோராம் பக்கத்தில்தான் முதல் தடவையாக வருகிறது.

பதிவறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கூரைவரை கட்டுகள். நடுவில் ஒரு மேசை. செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டுவிட்டு, காலை நாற்காலிக் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு தையல்நாயகி உட்கார்ந்திருந்தார். கையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. மூடி போட்டிருந்தது.

"நாலாயிரத்து நானூத்தி எழுபத்தி ஒண்ணுங்களா?" என்றார்.

"ஆமாம்மா. கருத்து கேக்க வந்தேன். எல்லாரும் சொன்னாங்க. ஒண்ணும் வெளங்கல."

"கடுதாசி நல்லா இல்ல."

பூவராகன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தாழ்வாரம் நீளவில்லை. அப்படியே நின்றிருந்தது.

"உக்காருங்க" என்றார் தையல்நாயகி. "அது ஏரியக் குடிச்சிதுன்னு எழுதியிருக்கீங்க. ஏன் குடிச்சிதுன்னு எழுதல. ஆம்பல் தாகத்துக்கா குடிச்சுது?"

பெயரைக் கேட்டதும் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா."

"பின்ன?"

"அதோட குட்டி விழுந்துடுச்சு. தண்ணிக்கு அடியில கெடக்குன்னு தேடுது. குடிச்சாத்தான் அடி தெரியும்."

"அத ஏன் எழுதல?"

"எப்படி எழுதறதுன்னு தெரியலம்மா. நமக்குன்னு கேட்டுப் பழக்கமில்ல."

"ஊருக்கே எழுதிக் குடுக்கறீங்க. இன்னிக்கு அஞ்சலாட்சி மனு வந்துது. நூத்திப் பத்து வாத்துக்கும் என்ன வேணும்னு எனக்குத் தெரியுது. உங்க ஆம்பலுக்கு என்ன வேணும்னு கடுதாசியப் பாத்தா தெரியல. இந்தாங்க."

ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். பூவராகன் பேனாவைத் திறந்தார். 'பொருள்' என்று எழுதினார். அடித்தார். 'மேற்படி' என்று எழுதப் போன கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு எழுதினார்: 'ஆம்பல் என்ற யாளிக்கு ஒரு குட்டி இருந்தது. அது ஏரியில் விழுந்தது. யாரும் தேட வரவில்லை. அதனால் ஆம்பல் குடிக்கத் தொடங்கியது.'

தாளைத் திருப்பிக் காட்டினார். தையல்நாயகி படித்தார். தலையை ஆட்டினார். கோப்பைத் திறந்து கருத்து என்ற கட்டத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டார். எங்கோ வெகுதூரத்தில் வாத்துகள் தண்ணீரில் இறங்கும் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது.

கிளம்பியிருக்கலாம். பூவராகன் கிளம்பவில்லை. பதினோரு வருடமாக எழுதித் தராமல் வைத்திருந்த ஒரு மனு அவரிடம் மிச்சம் இருந்தது.

"நாவல்?" என்றார்.

தையல்நாயகி கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் சிவப்பு மையில் எண் இருந்தது. அச்சு மாதிரி நேரான எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. முப்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

அடுத்த பக்கத்தின் மூலை வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததும். அவர் புரட்டிக்கொண்டே போனார். எண்ணூற்றுப் பன்னிரண்டுவரை ஒரு எண்கூட இல்லை. கீழ் மூலைகள் மட்டும் விரல் பட்டுப் பட்டு லேசாக மடங்கியிருந்தன.

"நாப்பத்தி ஒண்ணுக்கு அப்புறம் நம்பர் இல்லியேம்மா."

"இல்ல."

"ஏம்மா?"

"படிச்சிட்டு இருந்தேன்" என்றார் தையல்நாயகி.