ஐஸ்கிரீம் டப்பாவில் இருபத்துநாலு நிமிடம்

வாண்டுவின் விரல் நுனிகள் என்ன ஆகும் என்று காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்துத்தான் சொல்வாராம். இப்போது ராத்திரி மணி இரண்டே முக்கால். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே, தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் தூங்கு என்றார்கள். கண்ணை மூடினால் அந்த டப்பாதான் வருகிறது. முதலிலிருந்து ஒரு தடவை யாரிடமாவது சொன்னால் மூச்சு விட முடியுமோ என்னவோ.

வாண்டு என் தங்கை. ஆறு வயது. எனக்குப் பதினைந்து.

எங்கள் சர்ச்சில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் வகுப்பு நடக்கும். பாட்டு, கதை, வசனம், கடைசியில் கைவேலை. இந்த வருஷம் கைவேலைக்கு நான்தான் பொறுப்பு. நானாக வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்ட பொறுப்பு. போன மாதம் திட்டம் போட உட்கார்ந்தபோது நாங்கள் மூன்று பேர்: பாஸ்டரம்மா, பல வருஷமாக இந்த வகுப்பை நடத்தும் டெய்லர் ஆன்ட்டி, எடுபிடியாக நான்.

"இந்த வருஷமும் பஞ்சு ஒட்டுன ஆடுதானே?" என்றார் டெய்லர் ஆன்ட்டி.

"போதும் ஆன்ட்டி. எங்க வீட்டு அலமாரில ஏற்கனவே ஒரு மந்தையே மேயுது."

பாஸ்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்போ மேடமே சொல்லட்டும். அஞ்சு நாளைக்கு அஞ்சு வேலை. முப்பத்துநாலு பிள்ளைங்க. நாப்பது நிமிஷம்தான் இருக்கு. ஒவ்வொருத்தரும் வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகணும். முடியுமா?"

முடியும் என்றேன். ஒரு வாரம் ராத்திரி பகலாக எழுதினேன். முதல் நாள் ஐஸ் குச்சியில் படகு. இரண்டாம் நாள் காகிதக் கூண்டு விளக்கு. மூன்றாம் நாள் கதை கடவுளின் கைகளைப் பற்றியது. அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் கையை மாவில் பதித்து, காயவைத்து, பெயர் எழுதி எடுத்துப்போக வேண்டும். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான் சாமான்.

டெய்லர் ஆன்ட்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாவா? அது சாப்பாடுடி. ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுற பொருளைப் பிசைஞ்சு விளையாட விடுறதா? அதுவும் சர்ச்சுக்குள்ள?"

"விளையாடல ஆன்ட்டி. கைதான் வைக்கிறாங்க."

"அப்புறம் எங்க போகும்? ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சுக் குப்பைக்குத்தானே?"

பாஸ்டரம்மா என் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "அவங்க சொல்றதும் சரிதான்மா. வேற ஏதாவது யோசியேன். உனக்கா தெரியாது?"

எனக்கு அழுகையே வந்தது. மூன்றாம் நாளை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. அப்போதுதான் சித்தப்பா ஞாபகம் வந்தார். அவர் வீடுகளுக்கு சீலிங் போடுகிறவர். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூள் அரை மூட்டை மிச்சம் இருக்கிறது, எடுத்துக்கோ என்றார்.

"கையில பட்டா ஒண்ணும் ஆகாதா சித்தப்பா?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இருபது வருஷமா இதுலதான் முங்கி எந்திரிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு? கெட்டியாகும்போது லேசா சூடு வரும். பயந்துக்காத. கழுவிட்டாப் போச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. சீலிங்கில் மெல்லிசாகப் பூசுவார், உடனே கையைக் கழுவிவிடுவார். டப்பா நிறையக் கலந்து அதற்குள் கையை விட்டு அசையாமல் நின்றவர் இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு பயம் இருந்தது. அதையும் இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

மாவு வேண்டாம், சாப்பாட்டுப் பொருள் எதுவும் இல்லை என்றதும் டெய்லர் ஆன்ட்டிக்கு ஆட்சேபம் இல்லை. உதவிக்கு வருகிற பெரியவர்களுக்காக ஒரு தாள் எழுதினேன். அதில் இப்படி ஒரு வரி: 'சூடு வந்தால் பயப்பட வேண்டாம். கலவை வேலை செய்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளைப் பாதியில் கையை எடுக்க விடாதீர்கள்.' ஆறு பிரதி எடுத்தேன். பாஸ்டரம்மா கீழே கையெழுத்துப் போட்டார்.

நேற்று இரண்டாம் நாள். வகுப்பு முடிந்ததும் முப்பத்துநாலு டப்பாக்களில் தூளை அளந்து போட்டு, பெயர் ஒட்டி, சர்ச் ஹாலில் நீள மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். பார்க்கவே அழகாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை ஷிஃப்ட். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நான்தான் ஃபர்ஸ்ட்டு," என்று வாண்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

பெரிய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தேன். நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டுமே, சீக்கிரம் கெட்டியாகட்டும் என்று வெந்நீர் கலந்தேன். வெறும் ரேகை பதிந்தால் போதாது, முழுக் கையும் வர வேண்டும் என்று ஆசை. மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விடச் சொன்னேன். போனில் டைமரைத் தட்டினேன்.

"சிலை மாதிரி இருக்கணும். அசைஞ்சா விரல் கோணலா வந்துடும்."

"சிலைக்கு மூக்கு அரிச்சா என்ன பண்ணும்?"

அவள் மூக்கைச் சொறிந்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அது நாலாவது நிமிடம்.

ஏழாவது நிமிடத்தில், "அக்கா, சுடுது," என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்."

"இல்லக்கா. நிஜமா சுடுது."

"வேலை செய்யுதுன்னு அர்த்தம்டி. இன்னும் கொஞ்சம்தான். நீ நல்ல பிள்ளைல்ல?"

அவள் நல்ல பிள்ளை. அதுதான் வினை. அடங்காத பிள்ளையாக இருந்தால் அப்போதே பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பாள். இவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அன்றைக்கு மனப்பாடம் செய்த வசனத்தை முணுமுணுத்தாள். பதினோராவது நிமிடத்தில் உதடு நடுங்கியது. எடுக்கலாமா என்று கேட்டாள். பதினைந்து வரைக்கும் பொறு என்றேன். தாளில் பதினைந்து என்று எழுதியிருந்தேன், அதனால்.

பதினைந்தில் எடு என்றேன். எடுக்க வரவில்லை. கல்லாகிவிட்டது. டப்பாவைப் பிடித்து இழுக்கப் போனேன். வெளிப்பக்கமே என் கையைச் சுட்டது. டப்பாவைக் கத்தரியால் கிழித்து, சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டித் தட்டி உடைத்தேன். அவள் விரலில் அடிபட்டுவிடுமோ என்று ஓங்கி அடிக்கவும் முடியவில்லை. கை வெளியே வந்தபோது டைமர் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்துநாலு.

கை செக்கச்செவேல் என்று இருந்தது. விரல் நுனிகள் மட்டும் மெழுகு மாதிரி வெள்ளை.

"வலிக்குதா?"

"இங்க வலிக்குது," என்று புறங்கையைக் காட்டினாள். "நுனியில ஒண்ணும் தெரியல."

ஒன்றும் தெரியவில்லை என்றதும் நான் சந்தோஷப்பட்டேன்.

பற்பசையை எடுத்துத் தடவினேன். பழைய துப்பட்டாவைச் சுற்றினேன். பிறகு அவள் முன்னால் மண்டியிட்டு, "அம்மா கேட்டா சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லு, சரியா? இல்லன்னா நாளைக்கு எல்லாம் நின்னுடும். எல்லாரும் அக்காவைத் திட்டுவாங்க," என்றேன். அவள் தலையாட்டினாள். அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் என்ன யோசித்தேன் தெரியுமா? நாளைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றலாம், நிமிடத்தைக் குறைக்கலாம் என்று யோசித்தேன். நிறுத்திவிடலாம் என்று தோன்றவே இல்லை.

பத்தரைக்கு அம்மா வந்தார். துணியைப் பிரித்தார். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் சுடுதண்ணீர் என்றேன். அடுத்த நிமிடம் வாண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

இங்கே நர்ஸ் முதலில் பற்பசையைக் கழுவினார். "இதை யாரு தடவினது? வீட்டுக்கு வீடு ஒரு டாக்டர்," என்று அதட்டிக்கொண்டே கழுவியவர், கை முழுசும் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். என்னை வெளியே போகச் சொன்னார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"எப்படி ஆச்சும்மா?"

"சுடுதண்ணி கொட்டிருச்சு சிஸ்டர். நான் வேலைல இருந்தேன்."

"கொட்டினா அங்கங்க தெறிச்சிருக்கும். இது பாருங்க, மணிக்கட்டுல கோடு போட்ட மாதிரி நிக்குது. கையுறை போட்ட மாதிரி. யாரோ கையைப் பிடிச்சு உள்ள அமுக்கி வெச்சாத்தான் இப்படி வரும்."

"யாரு வைப்பா?" அம்மாவின் குரல் மாறியது. "என்ன பேசுறீங்க?"

"குழந்தை ஏதாவது சேட்டை பண்ணுச்சா? சாப்பிட மாட்டேன்னு அடம் பண்ணுச்சா? கோபத்துல நடக்கிறதுதான். மறைக்காம சொல்லிடுங்க."

"நான் ஒரு நாள்கூட இவளைக் கை நீட்டினதில்ல. என் பெரிய பொண்ணுதான் கூட இருந்தா. அவ பொய் சொல்ல மாட்டா."

"நான் டாக்டர்கிட்ட சொல்லியாகணும். விசாரிக்க ஆள் வருவாங்க."

பிறகு நர்ஸ் வாண்டுவிடம் மெதுவாகக் கேட்டார். "நீ சொல்லு தங்கம். யாரு உன் கையை உள்ள வெச்சா? அம்மாவா?"

கதவு இடுக்கில் வாண்டு என்னைத் தேடினாள். என்னைப் பார்த்ததும், "தண்ணி," என்றாள். "கொட்டிருச்சு." சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல என்னையே பார்த்தாள்.

கால் எனக்குச் சொல்லாமலே உள்ளே போய்விட்டது.

"நான்தான்," என்றேன். "தண்ணி இல்ல. பிளாஸ்டர். சுடுதுன்னு சொன்னா. நான்தான் எடுக்க விடல."

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் ரொம்பச் சின்ன வயசுக்காரர். திட்டவில்லை. எவ்வளவு தூள், என்ன தண்ணீர், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இருபத்துநாலு என்றபோது மட்டும் பேனா நின்றது. "நுனியில வலி தெரியலன்னு சொன்னாளா? எப்போ சொன்னா?" என்று கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு என்றேன். அதை அடிக்கோடிட்டார்.

அம்மா என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார்.

"அந்தம்மா என்னைக் கேள்வி கேட்டப்போ நீ எங்க இருந்த?"

"கதவுக்கிட்ட."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"மொத்தமுமா?"

தலையை ஆட்டினேன். அம்மா தண்ணீர் மெஷினில் ஒரு கப் பிடித்து, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், "அங்க இன்னும் எத்தனை டப்பா இருக்கு?" என்றார்.

"முப்பத்துநாலு."

"போனைப் போடு. இப்பவே."

நாலாவது ரிங்கில் பாஸ்டரம்மா எடுத்தார். தூக்கக் கலக்கத்தில் யாரு என்றார். நான் அழுதுகொண்டே சொன்னதில் என்ன புரிந்ததோ, "இரு, இரு, ஹாலுக்குப் போறேன்," என்றார். அவர் வீடு சர்ச் காம்பவுண்டுக்குள்ளேயேதான். செருப்புச் சத்தம், சாவிச் சத்தம் எல்லாம் போனில் கேட்டது. விளக்கைப் போட்டார். மேஜையில் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்து முணுமுணுவென்று படித்தார். 'பாதியில் கையை எடுக்க விடாதீர்கள்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"அடியே, இதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கே," என்றார். "படிக்காமலேயே போட்டிருக்கேன். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு."

ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மூடும் சத்தம் கேட்டது. எண்ணிக்கொண்டே மூடினார். பன்னிரண்டு வரைக்கும் கேட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"காலைல ஒன்பது மணிக்கு எல்லாப் பிள்ளைங்களும் வந்துடுவாங்க. வாண்டு எங்கன்னு கேப்பாங்க. டப்பா எங்கன்னும் கேப்பாங்க. நீ வந்து சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா? எதுவா இருந்தாலும் எனக்கு ஓகே. ஆனா உண்மையைத்தான் சொல்லணும்."

நானே சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு இந்த பெஞ்சில் உட்கார்ந்து எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வயசுப் பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வது? டெய்லர் ஆன்ட்டி கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மாவை வேண்டாம் என்றவர் அவர். அவர் மேல் பழியைப் போட மனசு இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தது. சித்தப்பா மேல் ஒரு தடவை. மறுபடியும் போகாது என்று சொல்ல முடியவில்லை.

வார்டு கதவு திறக்கிறது. அம்மா.

"உள்ள வா. கட்டு மாத்தப் போறாங்க," என்கிறார். "நீ பக்கத்துல நின்னு பாரு."

எழுந்திருக்கிறேன். உள்ளே வாண்டு வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்கிறது.