சம்பந்தியம்மாவும் கிள்ளானுக்கு வருகிறார்

வியாழக்கிழமை காலை சீதாலெட்சுமி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சம்பந்தி சிவகாமியிடமிருந்து அழைப்பு வந்தது. தன் மகன் பிரவினுக்கும் அவள் மகள் அர்ச்சனாவுக்கும் கல்யாணமாகி மூன்று வருடத்தில் சிவகாமி தன்னை நேரடியாக அழைத்தது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கத்தியைக் கீழே வைத்தாள்.

"சம்பந்திம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை கிள்ளான் பெருமாள் கோவிலுக்குப் போறீங்களாமே. அர்ச்சனா சொன்னா. இந்த வாரம் நானும் வரட்டுமா? புரட்டாசி வேற."

"அதுக்கென்ன, வாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு வெகுநேரம் அவள் பயற்றங்காயைத் தொடவில்லை.

கிள்ளானுக்கு அவள் போவது உண்மை. இரண்டு வருடமாக, மழையானாலும் வெயிலானாலும், பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து போய்விட்டு வருகிறாள். ஆனால் கோவிலுக்கு அல்ல. கிள்ளான் ஸ்டேஷனுக்கு எதிர்வரிசையில் ஒரு பழைய சீனர் காப்பிக்கடை இருக்கிறது. அங்கே ஒரே ஒரு பாட்டில் ஸ்டவுட் குடிப்பதற்காகப் போகிறாள்.

ஒரு பாட்டில் கறுப்பு பீருக்கு இவ்வளவு தூரமா என்று கேட்பவர்கள் அந்தக் கடையில் குடித்திருக்க மாட்டார்கள். தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் கடை முதலாளி பாட்டில்களைப் பிரிஜ்ஜில் வைப்பதில்லை. தகரம் அடித்த மரப்பெட்டியில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே படுக்க வைத்திருப்பார். குடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் எடுத்துத் துடைத்து வெளியே நிறுத்தவேண்டும் என்பது அவர் சட்டம். ரொம்பக் குளிர்ந்தால் ருசி ஒளிந்துகொள்ளுமாம். பீர் கிளாஸ்களை எண்ணெய்ப் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனித் தொட்டியில் அவரே கழுவுவார், அதனால் நுரை கடைசி வாய் வரைக்கும் கலையாமல் நிற்கும். முதல் வாயில் வறுத்த காப்பிக்கொட்டையின் கசப்பு, அது இறங்கியதும் லேசாகக் கருகிய வெல்லத்தின் வாசனை. ஆஸ்பத்திரி சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்த சீதாலெட்சுமிக்கு நாக்கு பொய் சொல்லாது. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். பூச்சோங்கிலிருந்து ஒரு லோரி டிரைவர் வருவார், செராஸிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் அண்ணன் தம்பி இரண்டு பேர் வருவார்கள். யாரும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள்.

அவளுடைய புருஷன் வேலாயுதம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ஒரு பாட்டிலை இரண்டு கிளாஸில் ஊற்றி, பொரித்த நெத்திலியோடு, அவசரமில்லாமல் குடிப்பார்கள். இருபத்தாறு வருடப் பழக்கம். அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதத்தில் பிரவினுக்குப் பெண் பேச சிவகாமி வீட்டுக்குப் போனார்கள். பங்சாரில் பெரிய வீடு, நகரத்தார் குடும்பம், சுவரெல்லாம் சாமி படம். கல்யாண விருந்தில் மேசைக்கு மேசை பீர் வைக்கிற வழக்கம் தங்களுக்குப் பிடிக்காது என்று சிவகாமி மெதுவாக ஆரம்பித்தாள். சீதாலெட்சுமியின் தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் வாயைத் திறக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள்: "எங்க வீட்ல யாரும் அதைத் தொடறதே இல்லீங்க." பிரவின் அம்மாவின் பக்கம் திரும்பாமல் தண்ணீர் குடித்தான்.

சொன்னது சொன்னதுதான். அர்ச்சனா மருமகளாக வந்த பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடையிலிருந்து பத்திரிகைக் கடை வரைக்கும் அவளைப் 'பிரவின் அம்மா' என்று கூப்பிடாதவர்கள் இல்லை. எங்கே உட்கார்ந்து குடிப்பது? ஒரு வருடம் விட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் வந்தால் வீடு ரொம்ப நீளமாகிவிடும். பிறகுதான், கூட வேலை பார்த்த ஒருத்தி இந்தக் கடையைப் பற்றிச் சொன்னாள்.

சனிக்கிழமை சிவகாமி டிரைவர் காரில் வந்து சென்ட்ரலில் இறங்கினாள். அரக்குச் சுங்குடிச் சேலை, கையில் துளசி மாலை. கொமுட்டரில் ஏறுவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள். கிள்ளானில் இறங்கியதும், சீதாலெட்சுமியின் கால் பழக்கத்தில் காப்பிக்கடைப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவசரமாக கிராப் வாடகைக் காரைக் கூப்பிட்டாள்.

கோவிலில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. செருப்பை எங்கே விடுவது என்று சீதாலெட்சுமி இரண்டு பக்கமும் தேடினாள். உள்ளே தாயார் சந்நிதி எந்தப் பக்கம் என்று தெரியாமல் கூட்டத்தின் பின்னாலேயே போனாள். அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது மகன், மருமகள் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். 'பெருமாளே, இரண்டு வருஷமா உன் பேரைச் சொல்லித்தான் வந்துட்டிருக்கேன். கோவிச்சுக்காதே' என்று மனதுக்குள் சொன்னாள். பக்கத்தில் சிவகாமி ஏதோ பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் காரிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சீதாலெட்சுமியின் ஒரே குடைக்குள் சாலையைக் கடக்க முயல்வதற்குள் இரண்டு பேரும் பாதி நனைந்துவிட்டார்கள். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. இந்தப் பக்கம் போகலாம் என்று சீதாலெட்சுமி சொல்வதற்கு முன், சிவகாமி பக்கத்திலிருந்த கடைவரிசையின் நடைபாதைக்குள் ஏறிவிட்டாள். குடையைக் காப்பிக்கடைப் பக்கம் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு சீதாலெட்சுமி நடந்தாள். கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு போகிறவள் யார் கண்ணில்தான் படமாட்டாள்?

"அம்மா" என்று தவுக்கே கூப்பிட்டார். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், வேண்டிய அளவுக்குத் தமிழ் பேசுவார். "இன்னிக்கி லேட் லா. நான் பத்து நிமிசம் முன்னாடியே வெளிய எடுத்து வச்சிட்டேன். வாங்க."

அவளுடைய மேசையில் பாட்டில் நின்றது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த கிளாஸ், சின்னத் தட்டில் வறுத்த வேர்க்கடலை.

சிவகாமி பாட்டிலைப் பார்த்தாள், தவுக்கேயைப் பார்த்தாள். "யாருக்கு இது?"

ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். தவுக்கேயும் புரிந்துகொண்டு தலையாட்டியிருப்பார். ஆனால் இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போகத் தெம்பில்லை என்று சீதாலெட்சுமிக்குத் தோன்றியது. குடையை மடக்கினாள்.

"எனக்குத்தான் சம்பந்திம்மா."

பூச்சோங் லோரி டிரைவர் எழுந்து போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சிவகாமி ஒரு நாற்காலியை இழுத்து, கைக்குட்டையால் துடைத்து, உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை இதுக்குத்தானா?"

"ஆமா. கோவிலுக்குள்ள நான் இன்னைக்குத்தான் மொத தடவ போனேன். அன்னைக்கு உங்க வீட்ல சொன்னதும் பொய்தான். பிரவினுக்காகச் சொன்னேன். அர்ச்சனாவுக்கு எதுவும் தெரியாது. அவளக் கோவிச்சுக்காதீங்க."

"கோவில்லயே நெனச்சேன்" என்றாள் சிவகாமி. "செருப்பு விடுற எடம் தெரியல, தாயார் எங்கன்னு தெரியல. ரெண்டு வருசமா வர்றவங்க இப்படியா முழிப்பாங்கன்னு."

சிவகாமி சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் மாசத்துல பாதி நாள் சென்னையில. மீதி நாள் டிவி முன்னாடி. அந்த வீட்ல சனிக்கிழமை எப்படிப் போவுதுன்னு எனக்குத்தான் தெரியும். போன மாசம் அர்ச்சனா சொன்னா, அத்தை சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தா முகமே வேற மாதிரி இருக்கும்மான்னு. எந்தப் பெருமாள் அப்படிச் செய்றார்னு பாக்கலாம்னுதான் வந்தேன்."

இரண்டு பேருக்கும் உடனே சிரிப்பு வரவில்லை. முதலில் சிவகாமியின் தோள்தான் குலுங்கியது. சீதாலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். செராஸ் அண்ணன் தம்பி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தங்கள் கிளாஸுக்குப் போனார்கள்.

"குடிங்க, சூடாயிரப் போவுது" என்றாள் சிவகாமி. தனக்குப் பாலும் சீனியும் இல்லாத தேநீர், தே ஓ, சொன்னாள்.

சீதாலெட்சுமி கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். நுரை மெதுவாக எழும்பி விளிம்பில் நின்றது. அவள் குடிப்பதை சிவகாமி மறைக்காமல் பார்த்தாள்.

"நல்லாருக்கா?"

"இங்க நல்லாருக்கும். வேற எங்கயும் இப்படி இருக்காது."

சிவகாமி கிளாஸைத் தன் பக்கம் இழுத்து மோந்தாள். சுண்டுவிரல் நுனியை நுரையில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் அஷ்டகோணலானது. "கசாயம் மாதிரில்ல இருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கிளாஸைத் திருப்பித் தள்ளிவிட்டுத் தேநீரை ஊதினாள். சீதாலெட்சுமி வேலாயுதத்தைப் பற்றிச் சொன்னாள், இரண்டு கிளாஸ்களைப் பற்றிச் சொன்னாள். சிவகாமி கடலையை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தட்டின் ஓரத்தில் சேர்த்துக்கொண்டே கேட்டாள். உரித்ததில் பாதியைச் சீதாலெட்சுமியின் பக்கம் நகர்த்தினாள். முதல் ரயில் போகும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ரயிலுக்குப் பிளாட்பாரத்தில் நின்றபோது சிவகாமி கைப்பையைத் துழாவி இரண்டு ஏலக்காய் எடுத்துக் கொடுத்தாள். "வாய்ல போட்டு நல்லா மெல்லுங்க. எம்மகளுக்கு மூக்கு கூர்மை."

ரயில் கிளம்பியதும் அர்ச்சனாவே அழைத்தாள். சிவகாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள். "ஆமாம்மா, முடிஞ்சிருச்சு. சரியான மழை. ம், ம். நல்ல தரிசனம்." வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரத்தைப் பற்றியும் பேச்சு வரவில்லை.

பாடாங் ஜாவா ஸ்டேஷனைத் தாண்டியபோது சிவகாமி தூங்கிப்போயிருந்தாள். ரயில் ஆடிய ஆட்டத்தில் தலை மெல்லச் சரிந்து சீதாலெட்சுமியின் தோளில் வந்து தங்கியது. மழையில் கரைந்த குங்குமம் ஒரு சிவப்புக் கோடாக இறங்கிப் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டால் கண்ணுக்குள் போய்விடும். சீதாலெட்சுமி சேலை முந்தானையின் காய்ந்த பக்கத்தைத் தேடி எடுத்து, விரலில் சுற்றி, தொடலாமா என்று தெரியாமல், அந்த முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ரயில் பத்து தீகா ஸ்டேஷனுக்குள் வேகம் குறைந்து நுழைந்துகொண்டிருந்தது.