வேர் இருந்த பக்கம்

ஃபோர்க்லிஃப்டின் கொம்பு பட்டு, மரக்கட்டின் மேல் சுற்றிய காகிதம் கிழிந்திருந்தது; அதை ஒட்டப் போன ரொவீனா ஒட்டாமல் நிற்பதை, மர ஆலையின் அலுவலகச் சன்னல் வழியாக, சரக்கு அனுப்பும் பொறுப்பிலிருந்த லயல் பார்த்தான். இருபத்திரண்டு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவனுக்கு அந்த நிற்றலின் பொருள் தெரியும். வீட்டுக் கூரை ஒழுகுவதை முதலில் கண்டுபிடித்த அன்றும் அவள் இப்படித்தான் நின்றாள். மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான். மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கு மூன்று கண்டெய்னர் லாரிகள் வந்துவிடும். நாற்பத்தெட்டுக் கட்டு ஹெம்லாக் மரத் தூண்கள் கனடாவிலிருந்து ஜப்பானுக்குப் போகக் காத்திருந்தன.

அவள் கிழிசலுக்குள் விரலை வைத்துக் காட்டினாள். "இந்தக் கணுவப் பாரு."

பார்த்தான். கிளை மரத்திலிருந்து மேல்நோக்கித்தான் புறப்படும். அறுத்த கட்டையில் அதன் கணு நுனிப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இந்தக் கணு சிவப்புச் சாயம் பூசிய முனையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. சிவப்பு, வேர் இருந்த முனைக்கான அடையாளம்.

வசந்த காலத்தில் ஒசாகாவிலிருந்து மரம் வாங்க வந்த முராகி கேட்டுக்கொண்டதன் பேரில் பூசிய சாயம் அது. எங்கள் தச்சர்கள், மரம் எப்படி நின்றதோ அப்படியேதான் தூணையும் நிறுத்துவார்கள், தலைகீழாக நிறுத்தினால் வீடு முனகும் என்பார்கள், என்று அந்த மனிதர் கூச்சத்தோடு சொன்னார். அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகு வேர் எது, நுனி எது என்று யார் கண்டது? வேறு இரண்டு ஆலைகளில் சிரித்துவிட்டார்களாம். லயலும் சிரிக்கத்தான் இருந்தான். தரம் பிரிக்கும் மேசையில் சாக்கட்டியோடு நின்ற ரொவீனா, "முடியும்" என்றாள். அவள் வகுத்த முறை எளிமையானது. ரம்பத்திலிருந்து இழைப்பு எந்திரம் வரைக்கும் வேர் முனை எப்போதும் ஆற்றைப் பார்த்தே இருக்கவேண்டும். கடைசியில் ஆற்றுப் பக்க முனையில் சிவப்பு. கணினியும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். ஒரே மாதத்தில் ஆலையில் அத்தனை பேருக்கும் அது பழகிவிட்டது. இந்த முதல் சரக்கு பிடித்துப்போனால் மாதாமாதம் எடுப்பதாக முராகி சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக மூடிக் கிடக்கும் மாலை ஷிஃப்ட் திறக்கும். பதினாறு குடும்பங்களுக்கு லயல் வாக்குக் கொடுத்திருந்தான்.

தவறு எங்கே நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நச்சத்தர் சிங்கே வந்து சொல்லிவிட்டார். இந்த வாரம் மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்ததில் ஃப்ரேசர் ஆறு முற்றத்துக்குள் ஏறியது. தண்ணீர் நிற்கும்போதெல்லாம் அவர் ஆற்றுக்கு எதிரே மலைப் பக்கமாகப் போய், இன்னும் சாயம் பூசாத கட்டுகளைத் தூக்கினார். எதிர்ப் பக்கமிருந்து தூக்கினால், இறக்கும்போது கட்டு திரும்பிவிடும். தண்ணீர் வடிந்ததும் பழைய பக்கத்துக்கே போனார். அதனால் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று அவருக்கே தெரியாது.

"முப்பது வருஷமா ஓட்டறேன் பாபிஜி. தண்ணியப் பாத்தேன், சக்கரத்தப் பாத்தேன், மரம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்கல. என் தலைய வாங்கிடுங்க." ரொவீனாவை அவர் பாபிஜி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"உங்க தலைய வெச்சு நான் என்ன பண்ண? ரெண்டு பக்கமும் ஆள் நுழையற மாதிரி கட்டெல்லாம் பிரிச்சு வைங்க."

நச்சத்தர் போனதும் லயல் குரலைத் தாழ்த்தினான். எல்லா முனையிலும் சிவப்பைச் சுரண்டிவிடலாம், பூச மறந்துவிட்டோம் என்று எழுதிவிடலாம், மரம் நல்ல மரம்தானே என்றான். சொல்லும்போதே அது பாதிப் பொய் என்று அவனுக்கு உறைத்தது.

ரொவீனா கோபப்படவில்லை. "முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிருந்தா பரவால்ல. நான் முடியும்னு சொன்னேன் லயல்."

பிறகு வேலையில் இறங்கினாள். லயல் கூடவே நடந்து காகிதத்தை விலக்கிக் கொடுத்தான். ஒரு கட்டு திரும்பினால் முழுதாகத்தான் திரும்பியிருக்கும் என்றாலும், அவள் ஒவ்வொன்றிலும் மூன்று கட்டைகளைப் பார்த்தாள். சிலவற்றுக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவி "சரி" என்பாள், அல்லது "திரும்பியிருக்கு" என்பாள். திரும்பிய கட்டின் சிவப்பை நச்சத்தர் சுரண்டி, மறுமுனையில் பூசினார். சிரமம் கொடுத்தவை நல்ல மரங்கள்தான். உசத்தித் தரத்தில் கணுவே இருக்காது. அவற்றுக்கு அவள் மண்டியிட்டு, விளக்கடித்து, இரு முனைகளிலும் வளையங்களை எண்ணினாள். வேர்ப் பக்கத்தில் மரத்தின் வயது அதிகம், வளையமும் கூடுதலாக இருக்கும். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று என்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தவளை லயல் பார்த்தான். இத்தனை வருடம் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவள் இந்தத் திறமையைப் பற்றி ஒரு நாளும் பெருமையாகப் பேசியதில்லை. ஹாரிசன் ஏரிப் பக்கம் முதன்முதலாக அவளை வெளியே அழைத்துப் போனபோது வந்த அதே கூச்சம் அவனுக்கு இப்போதும் வந்தது.

நாலு மணிக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தன. அவற்றில் ஒன்பது திரும்பியவை. இரண்டு லாரிகள் நிறைந்தன. மிச்சம் பதினாறும் கணுவே இல்லாத மரம். மூன்றாவது லாரிக்காரன் எஞ்சினை அணைக்காமல் ஹாரன் அடித்தான்.

"இதையும் ஏத்திடவா, ஷிப்பிங் துரை?" என்றார் நச்சத்தர், கண்ணைப் பார்க்காமல்.

ரொவீனா தலை நிமிரவில்லை. எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முடிவை அவனிடம் விட்டுவிட்டாள் என்று லயலுக்குப் புரிந்தது. அவள் "ஏத்து" என்றோ "வேணாம்" என்றோ சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"காலியா அனுப்பு" என்றான்.

நடந்ததை நடந்தபடியே முராகிக்கு எழுதினான். தண்ணீர், மலைப் பக்கம், திரும்பிய ஒன்பது கட்டு, மிச்சம் பதினாறும் இரண்டு வாரம் கழித்து அடுத்த கப்பலில். எதையும் பூசி மெழுகவில்லை. அங்கே சனிக்கிழமை காலை. அரை மணியில் பதில் வந்தது: திங்களன்று தச்சர்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன். அவ்வளவுதான். அவன் அதை மூன்று முறை படித்தான். நல்லதா கெட்டதா என்று மூன்று முறையும் பிடிபடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ரொவீனா காரிலேயே தூங்கிவிட்டாள். காதோரம் ஒரு சிவப்புத் தீற்றல் காய்ந்திருந்தது. மலைவளைவில், தார்ச்சாலையை வெள்ளம் அறுத்த இடத்தில், ஒற்றை வழியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். லயல் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். சரிவு முழுவதும் ஹெம்லாக் மரங்கள், உச்சிக் கொழுந்து ஒவ்வொன்றும் வளைந்து, நனைந்து, கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்து நின்றன. வழி விடுகிறவன், போகலாம் என்று பலகையைத் திருப்பினான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மழை கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்த தலையோடு அந்த மரங்கள் மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தன.