பதினோராம் நம்பர் சட்டையின் ஈரம்

"கொடி மேல கைய வெச்சிப் பாரு லோகு, அப்பறம் கீது உனுக்கு..."

"யக்கா, நான் இன்னா திருடவா வந்துகீறேன்? டீமு சட்டக்கா அது..."

"டீமா தொவச்சிப் போட்டுச்சு? நான் தொவச்சேன், நான் போட்டேன்..."

"யாரு இல்லன்னா? காயட்டும் காயட்டும்னு மூணு வருசம் பாத்தாச்சு. அது காயாதுக்கா, எந்தக் காலத்துலயும் காயாது!"

"உன் வாய்க்குச் சக்கர போட" என்றாள் அங்கம்மா. சண்டை ஒரு நிமிடம் நின்றது.

அங்கம்மா மீன் விற்பவள். லோகநாதன் கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுபவன், மற்ற நேரத்தில் வெண்சங்கு கால்பந்துக் குழுவின் கோச். இருவரும் மல்லுக்கு நின்ற அந்த நீலச் சட்டை, எர்ணாவூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிற குப்பத்தில், அங்கம்மா வீட்டுக் கொடியில் மூன்று வருடமாகக் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகில் வெள்ளையில் பதினொன்று என்று போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் பக்கத்தில் போட்ட கைலி கால் மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். சட்டை மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டியது கடல்தண்ணீர். அங்கம்மாவின் மகள் மலர் ஒரு பெயிண்ட் பக்கெட்டை அடியில் வைத்தாள். ஒரு நாளைக்கு முக்கால் பக்கெட் சேர்ந்தது, அமாவாசையிலும் பௌர்ணமியிலும் முழு பக்கெட். முதல் மாதம் எல்லோரும் வந்து பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. கருவாடு போடுகிற பெண்கள் மீன் கழுவ அந்தத் தண்ணீரைக் கேட்டு எடுத்துப் போனார்கள், முகத்துவாரத்துத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது, இதில் மிதக்கவில்லை என்பதால். ஏதோ ஓர் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து பாட்டிலில் பிடித்துப் போய், உப்பு சரியாக இருக்கிறது என்று காகிதம் அனுப்பினார்கள்.

சட்டை திலீப்புடையது. அங்கம்மாவின் மகன், வெண்சங்கின் இடது ஓரத்தில் ஆடியவன். பந்தோடு வருவான், உள்பக்கம் ஒரு வெட்டு வெட்டுவான், வலது காலால் அடிப்பான். அவன் வெட்டப்போகிறான் என்று திருவொற்றியூர் முழுக்கத் தெரியும், தெரிந்தும் யாராலும் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. மீன் பிடிக்கப் போகிறவன் அல்ல. அப்பா தண்டபாணிக்குக் காய்ச்சல் என்பதால் ஒரே ஒரு நாள் அவருக்குப் பதிலாகப் படகில் ஏறினான். முந்தின சாயங்காலம் இரண்டு கோல் அடித்துச் சேறாகி வந்த சட்டையை அங்கம்மா துவைத்துப் போட்டிருந்தாள். காலை பத்தரைக்கு அது நன்றாகக் காய்ந்திருந்தது. பதினொன்றேகாலுக்கு மடிக்கலாம் என்று கை வைத்தாள். அவள் கையிலேயே சட்டை நனைய ஆரம்பித்தது, கழுத்திலிருந்து கீழாக. அவள் வாசலைக்கூட சாத்தாமல் முகத்துவாரத்துக்கு ஓடினாள். மணல் மேடிட்ட இடத்தில் படகு கவிழ்ந்த சேதி அவளுக்கு எதிரே ஓடி வந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். திலீப்பை எட்டு நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஏழு வருடம் ஆகாமல் இறந்ததாக எழுதித் தர முடியாது என்று ஆபீசில் சொன்னார்கள். அதைக் கேட்டு நிம்மதியானவள் அங்கம்மா ஒருத்திதான். சட்டையில் ஈரம் இருக்கிறவரை பிள்ளை தண்ணீரில் இருக்கிறான். காய்ந்துவிட்டால் எங்கேயும் இல்லை. தண்டபாணி வருடத்துக்கு ஒருமுறை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கருமாதியைச் செய்துவிடலாம் என்று கேட்பார். "தண்ணியிலயே கீறவனுக்கு எள்ளுத்தண்ணி எதுக்கு?" என்பாள் அவள். தன் காய்ச்சலால்தானே பிள்ளை படகேறினான் என்கிற நினைப்பில் அவர் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை.

வெண்சங்கில் யாரும் சட்டையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதில்லை. யானைக்கவுனியில் துணி எடுத்துத் தைத்த ஒரே செட். விட்டுப் போகிறவன் மைதானத்தின் நடுவில் கழற்றி, அடுத்து வருகிறவன் தலைவழியே மாட்டிவிட வேண்டும். போகிறவன் இல்லையென்றால் அவனைப் பெற்றவள் மாட்டிவிடலாம். அங்கம்மா மாட்டவில்லை. மூன்று சீசன் இடது ஓரத்தில் யார் யாரோ பதினேழும் இருபதும் போட்டு ஓடினார்கள், டீம் இரண்டு டிவிஷன் கீழே இறங்கியது. அப்போதுதான் அன்பரசன் வந்தான். பத்தொன்பது வயது, எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. புளியந்தோப்பில் குடிசையை எடுத்துவிட்டு அங்கே வீடு கொடுத்தபோது நாலு வயதுப் பிள்ளையாக இருந்தவன். அம்மா நர்மதா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள், இவன் விடிகாலையில் தண்ணீர் கேன் போட்டான். லீக்கின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு சர்க்கார் டிபார்ட்மென்ட் டீமிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள், எடுத்தால் நிரந்தர வேலை. வெண்சங்குக்கு வருகிறவர்கள் பதினொன்று போட்டவனைத்தான் முதலில் தேடுவார்கள், அது அவர்கள் பழக்கம். அதனால்தான் லோகநாதன் கொடியருகே வந்து நின்றான்.

அன்பரசன் சந்தில் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தான். அங்கம்மா அவனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"இதுவாடா? கொக்குக்கு டவுசர் மாட்டுன மாரி கீது."

"ஆட்டத்தப் பாருக்கா, அப்பறம் பேசு."

"என் புள்ள கால் தூசுக்கு ஆவுமா இது? இதும் மேல போட்டா சட்ட காயவா போவுது? வா நைனா, குனி." குனிந்த தலைவழியே சொட்டச் சொட்ட மாட்டிவிட்டாள்.

பந்தாட்டம் தெரியாத யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். ஒன்பது வருடம் கோட்டோரமாக மீன் கூடையோடு நின்று ஒருவன் ஆட்டத்தை மட்டுமே பார்த்தவள் செய்த தப்பு. வேறு எந்த உடம்பின் சூட்டுக்கும் அந்த ஈரம் மசியாது என்று அவள் மனசார நம்பினாள்.

முதல் இரண்டு ஆட்டத்தில் அவள் நம்பியபடியே நடந்தது. எதிர் டீம் புகார் செய்தது, ஈரச் சட்டை கூடாது என்று விதி இல்லை என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். சட்டையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் இடது ஓரம் சேறானது. அன்பரசன் எல்லோரும் சொன்னபடி திலீப் மாதிரி உள்ளே வெட்டப் பார்த்தான், வலது கால் வராது, பந்து வெளியே போகும். "திலீப்பு இருந்திருந்தா!" என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. அங்கம்மா சந்தோஷமாக அவனுக்கு வஞ்சிரத் துண்டு வறுத்துக் கொடுத்தனுப்பினாள். மூன்றாவது ஆட்டத்தில் உள்ளே வெட்ட இடமில்லாமல் அவன் வெளிப்பக்கமாகவே ஓடினான். கோட்டை ஒட்டி, கொடிக்கம்பம்வரை, இனி போக இடமில்லை என்கிற இடம்வரை போய், இடது காலால் பந்தைத் தூக்கிக் கோல் வாய்க்கு நேரே போட்டான். அதைத் தலையால் தட்டியவன் கோல் அடித்தான். திலீப் ஒருநாளும் அப்படி ஆடியதில்லை. ஆட்டம் முடிந்தபோது சட்டையின் வலது கை காய்ந்திருந்தது. கடல் பின்வாங்கினால் மணலில் தெரிகிற மாதிரி தோளில் வெள்ளையாக உப்புக் கோடு. கொடியில் திரும்பப் போட்டார்கள். மறுநாள் பக்கெட்டில் பாதிதான் இருந்தது.

அதற்குப் பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையில் தமீமின் டீக்கடையில் வேறு பேச்சு இல்லை.

"இவன் ஓடுறான் மாமு, ஒத்துக்கறேன். ஆனா திலீப்பு ஓடல, டான்ஸு ஆடுனான். தெர்தா?"

"டான்ஸு ஆடி எத்தினி பேருக்குப் பந்து குடுத்தான் உன் திலீப்பு? தானே அடிப்பான். இவன் குடுக்கறான்பா."

"செத்தவன இன்னா பேச்சு பேசற நீ?"

"செத்தான்னு நீதான் சொல்ற. அங்கம்மா காதுல வுழுந்தா கூடையாலயே போடும்."

"பேஜாரு பண்ணாதீங்கபா" என்று கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்வார் தமீம், "பக்கெட்டு இன்னா சொல்லுது, அதச் சொல்லுங்க." பக்கெட் கால் அளவுக்கு வந்தது, பிறகு ஒரு சொம்பு, பிறகு ஒரு டம்ளர். கருவாட்டுப் பெண்கள் வேறு தண்ணீர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம், இடது மார்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. அங்கம்மா தினமும் அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை போகவில்லை. எர்ணாவூருக்கு நடந்து மூன்று மாடி ஏறினாள்.

நர்மதா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அங்கம்மா குந்தவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் நைனா. நாளைக்கு மட்டும் சொதப்பிடு. கை அகலம் ஈரம்தான் கீது."

அன்பரசன் அம்மாவைப் பார்த்தான். நர்மதா மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்குத்தாம்மா ஆளு எடுக்க வராங்க. எங்களுக்கு அது சோறு."

"தெரியும்மா. எனுக்கு அது புள்ள."

 குழாயில் தண்ணீர் வருகிற நேரம், நர்மதா எழுந்து போகவில்லை. கடைசியில் அன்பரசன் தரையைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா" என்றான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மறுநாள் வந்த பந்தையெல்லாம் காலுக்கடியில் விட்டான், ஆளே இல்லாத பக்கம் அடித்தான், தானே தடுக்கி விழுந்தான். டிபார்ட்மென்ட் ஆட்கள் ஒரு முறை பார்த்துவிட்டு எதிர் டீமில் யாரையோ பேர் விசாரிக்க ஆரம்பித்தார்கள். மார்பிலிருந்த ஈரம் பரவியது. வயிறு நனைந்தது, முதுகு நனைந்தது, இருபது நிமிடத்தில் கால்சட்டைவரை ஒழுகியது. அங்கம்மா கோட்டோரத்தில் நின்று அதைப் பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் லோகநாதன் கத்திக் கொடுக்கவைத்த ஒரு பந்து, இடது ஓரத்தில் காலியான இடத்தில், அவள் கண்ணெதிரே உருண்டு வந்தபோது, பதினோராம் நம்பர் அதைப் பார்த்து ஒதுங்கியது. அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. பின்னாலிருந்து யாரோ, "திலீப் சட்டய மாட்டிக்கினு இன்னா கலீஜ் ஆட்டம்டா இது?" என்றான். பாதி ஆட்டத்துக்கு விசில் ஊதியதும் அவள் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள்.

"இன்னாடா ஆட்டம் இது?"

"நீதானம்மா சொன்ன..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்டா! நான் பெத்தவ, சொல்லுவேன். அந்தச் சட்டய மாட்டிக்கினு பந்தப் பாத்து ஒதுங்குவியா நீ? பாக்கறவன் இன்னா நெனப்பான் பதினொண்ண?"

"ஆடுனா காஞ்சிடும்மா."

அவள் குனிந்து, அவன் உடம்பில் இருந்தபடியே சட்டையின் அடியை இரண்டு கையாலும் பிடித்து, துவைத்த துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழிந்தாள். அவள் காலைச் சுற்றிக் கடல்தண்ணீர் ஓடியது. பிழிந்து முடித்ததும், உதறிச் சுருக்கம் எடுத்துவிட்டு, கயிற்றுக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள்.

இரண்டாம் பாதியில் இடது ஓரத்தில் நடந்ததைப் பற்றி இன்றுவரை ஒரே அபிப்பிராயம்தான், டீக்கடையிலும் சண்டை இல்லை. எட்டு முறை கொடிக்கம்பம்வரை போனான். ஒவ்வொரு முறையும் சட்டையிலிருந்து ஆவி கிளம்பியது, சோற்றுப் பானையிலிருந்து கிளம்புகிற மாதிரி. இரண்டு கோல் கொடுத்தான், மூன்றாவதைத் தானே அடித்தான். முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அங்கம்மா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் சட்டை காய்ந்திருக்க வேண்டும். டிபார்ட்மென்ட் ஆட்கள் அன்பரசன் பேரை எழுதிக்கொண்டார்கள். அவன் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். உப்பு பூத்து விறைத்திருந்தது, மடித்தால் உதிர்ந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தாள். வேறொரு பையனின் வியர்வை வாசனை. அதைத் துவைத்துப் போட்டாள், மறுநாள் கைலியோடு சேர்ந்து கால் மணியில் காய்ந்தது. பக்கெட்டில் மலர் துணி ஊறவைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்தச் சட்டையில் விசேஷம் எதுவும் இல்லை.

வந்த அமாவாசையில், ஆபீஸ் காகிதத்துக்குக் காத்திராமல், கடற்கரையில் கருமாதி செய்தார்கள். தண்டபாணி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வெகுநேரம் அலையிலேயே நின்றார். லோகநாதன் போய்த் தோளைப் பிடித்து அழைத்து வந்தான். வந்தவர்கள் பந்தலில் சாப்பிட்டார்கள். வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சாம்பல் மெல்லிசாக இலைகளில் விழுந்தது, ஊதிவிட்டுச் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டிய அன்பரசன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஓர் ஓரமாக, கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். அங்கம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் மணலில் குந்தினாள். அவனைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக் கேட்டாள்:

"கோட்டாண்ட ஓடறப்போ... என் புள்ள உங்கூட ஓடுனானா நைனா?"