இருபத்திரண்டு நாள் ஆட்டம்

"ஆட்டாமத் தூக்கு ஜெபசிங். ஒரு கப்பல்கூட நவுரக் கூடாது," என்றாள் பிளாரன்ஸ்.

ஒட்டுப்பலகையில் ஒட்டிய பெரிய அட்டை அது. அட்டை முழுக்க அறுகோணக் கட்டங்கள், கட்டங்களில் நகக்கண் அளவே ஆன சாம்பல் நிறக் கப்பல்கள். ஒரு முனையை அவளும் மறுமுனையை ஜெபசிங்கும் பிடித்துக்கொண்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்குவதுபோலக் கூடத்து மேசையிலிருந்து அதைத் தூக்கினார்கள். வாசலில் பெட்டி வந்து நின்றது. மேசையை நகர்த்தினால்தான் பெட்டி உள்ளே வரும்.

"பெட்டியத் தூக்கிட்டு நாலு பேரு வெயில்ல நிக்கான். இவ பொம்மைக்குப் பல்லக்குத் தூக்குதா," என்றாள் ஸ்டெபி.

ஸ்டெபி, விடிகாலையில் இறந்துபோன ஜெனோவின் அக்கா. அழுது தொண்டை கட்டிய பிறகும் வீட்டை நடத்திக்கொண்டிருந்தவள் அவள்தான். கோயிலுக்கு ஆளனுப்பித் துக்க மணி அடிக்கச் சொன்னதும், தம்பியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியதும், நாலு மணிக்கு அடக்கம் என்று சாமியாரிடம் பேசி முடித்ததும் அவளே. ஜெனோவின் மனைவி பிளாரன்ஸ் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே நடந்தாள். பலகையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், மெத்தையை உருவி எடுத்திருந்த வெறும் கட்டிலின் மேல் வைத்தார்கள். காலை ஐந்து மணி வரை ஜெனோ படுத்திருந்த கட்டில்.

பலகையை வைத்த கையோடு பிளாரன்ஸ் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஜெனோவின் தம்பி மரியானிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. ஒன்பது மணிக்கே வந்திருக்கிறது. வழக்கம்போல வார்த்தை எதுவும் இல்லை. அவன் கப்பலறையில் விரித்து வைத்திருக்கும் இதே அட்டை, இதே கட்டங்கள். ஆட்டத்தில் அவன் முறை முடிந்துவிட்டது. இனி அண்ணன் ஆட வேண்டும்.

அந்த விளையாட்டின் கதை பழையது. மரியானுக்குப் பதினோரு வயது இருக்கும்போது, மாலுமிகள் மன்றத்து அலமாரியில் எந்தக் கப்பல்காரனோ விட்டுப்போன ஆங்கில நாவல் ஒன்றை ஜெனோ எடுத்து வந்தான். உடைந்துபோன நிலவொன்றின் தூசிக்குள் கப்பலோட்டிப் பிழைக்கும் ஜனங்களைப் பற்றியது. 'அவுட்டர் ஷோல்' என்று பெயர். அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் படித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது புத்தகங்கள் வந்தன. அப்புறம் அதுவே வீடியோ கேமாக வந்தது. ஒன்பதாம் புத்தகத்தில் கப்பலோடு எரிந்துபோகும் கேப்டனை கேமில் ஆடிக் காப்பாற்றிவிடலாம். "செத்தவனச் சாக விடமாட்டேங்கானுவளே," என்று ஜெனோ பாதியில் எழுந்து போய்விடுவான். மரியான் அந்தக் கேப்டனைப் பதினோரு முறை காப்பாற்றியதாகப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான்.

ஜெனோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான். மரியான் கப்பலில் இன்ஜினியர் ஆனான். ஐந்து வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்தபோது மரியான் நடுக்கடலில் இருந்தான். செய்தி போய்ச் சேரவே நாலு நாள் ஆயிற்று. அடக்கம் முடிந்து ஏழாம் நாள் அவன் போன் பண்ணியபோது ஜெனோ சொன்னதைப் பக்கத்தில் நின்று பிளாரன்ஸ் கேட்டாள். "இனி இந்த வீட்ல சாவு விழுந்தா ஒனக்குச் சொல்ல மாட்டோம்லே. நீ ஒன் கப்பலக் கட்டிக்கிட்டு அழு."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பதினோரு மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒரு கப்பல்காரர் வழியாகப் பெரிய பார்சல் ஒன்று வந்தது. அதே நாவலை வைத்துச் செய்த மேசை விளையாட்டு. கடிதம் இல்லை. மூன்று மாதம் அலமாரிக்கு மேல் பிரிக்காமலே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஜெனோ, சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைப் பிரித்து, கப்பல்களை அடுக்கி, ஒன்றை நகர்த்திப் படம் எடுத்து அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் படம் வந்தது. மரியான் தனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தான். கிட்டத்தட்ட நாலு வருடம் அப்படியே ஓடிற்று. ஒரு நல்ல வார்த்தை இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை.

தொண்டையில் புற்று என்று தெரிந்த பிறகும் ஜெனோ ஆட்டத்தை விடவில்லை. பேச்சு போன பின் நோட்டில் எழுதிக் காட்டுவான். 'தாய்க்கப்பல் மூணு கட்டம் மேலே.' பிளாரன்ஸ் நகர்த்திப் படம் எடுப்பாள். அந்த நோட்டில்தான் ஒருநாள் எழுதினான்: 'மரியானுக்குச் சொல்லாதே.'

"ஏன்? கோவமா?" என்று கேட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு நாளில் வலிக்கான மருந்தைக் கூட்டினார்கள். பேனா பிடிக்கும் தெளிவு அவனுக்குத் திரும்பவே இல்லை.

மறுநாள் மரியானின் படம் வந்தது. பதில் போகாவிட்டால் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டிவரும். பிளாரன்ஸ் தானே ஒரு கப்பலை நகர்த்திப் படம் எடுத்து அனுப்பினாள். இருபத்திரண்டு நாள் அப்படி அனுப்பினாள். அவளுக்கு ஆட்டத்தின் விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும். அவளுடைய அப்பா வள்ளக்காரர். காற்று மாறினால் வெளியே போன வள்ளம் எல்லாம் கரைக்கு வர வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த கப்பல் கணக்கு. தினம் ஒன்றாக எல்லாக் கப்பல்களையும் தாய்த்தளத்துக்கு அருகே கொண்டுவந்து சேர்த்தாள்.

அவளை அரித்தது அந்தப் பொய் மட்டுமல்ல. உள்ளே புருஷன் அனத்திக்கொண்டு கிடக்க, கூடத்தில் உட்கார்ந்து அவள் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தாள். பதினாலு வருடக் குடித்தனத்தில் பிள்ளை இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஜெனோவைப் பார்க்க வந்தார்கள், போனார்கள். நாள் முழுவதிலும் எங்கிருந்தோ ஒருவன் அவள் செய்த ஒன்றைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னது அந்தப் படத்தில் மட்டும்தான். அவன் அண்ணனுக்குச் சொல்லும் பதில் அது என்று தெரியும். தெரிந்தே அதை வாங்கிக்கொண்டாள். இன்று அவனிடம் சாவைச் சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மணிவாக்கில் கூட்டம் சற்றுக் குறைந்தது. கூடத்தில் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. பிளாரன்ஸ் பெட்டியின் தலைமாட்டில் இருந்து எழுந்து ஸ்டெபியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மைனி, மூடுறதுக்கு முந்தி மரியானுக்கு ஒரு போன் போடுவோம். முகத்தையாவது பாக்கட்டும்."

ஸ்டெபி செபமாலை மணியை விரலிலிருந்து விடாமலே திரும்பினாள். "எங்கம்மா மொகத்த அவன் பாத்தானா?"

"அன்னைக்குக் கப்பல்ல நெட்டு கெடயாது. இப்ப கெடைக்கி."

"ஏளா, நெட்டு இல்லாதவன் ஏழு நாள் கழிச்சு எப்படிப் போன் போட்டான்? ஒம் புருசன் வாயால சொன்னதக் கேட்டவதானே நீயும்? நோட்டுலயும் எழுதி வச்சிருக்கான். செத்தவன் சொல்ல நீ மீறுவியா?"

"அவிய கோவத்துல எழுதினாவளா, அவன் கப்பல விட்டுப் பாதியில எறங்கி வந்துருவான்னு எழுதினாவளா, எனக்குத் தெரியல மைனி."

"எனக்குத் தெரியும். நாந்தான் அவனத் தூக்கி வளத்தேன்."

பிளாரன்ஸ் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அங்கே ஜெபசிங் கட்டில் ஓரத்தில் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெனோவோடு பத்து வருடம் அடுத்த கிரேனில் வேலை பார்த்தவன். மேசை விளையாட்டு அவனுக்குப் பிடிக்காது, கேம்தான் ஆடுவான். ஆனாலும் விதி தெரிந்தவன்.

"அக்கா, தப்பா நெனக்காதிய. இத அண்ணனா ஆடுனாவ?"

சாய்ந்திருந்த ஒரு கப்பலை அவள் விரலால் நிமிர்த்தி வைத்தாள்.

"எல்லாக் கப்பலயும் தளத்துல கொண்டுவந்து அடச்சு வச்சிருக்கு. இந்தக் கதையில இப்படிச் சேந்து நின்னாத்தான் முடிஞ்சுது சோலி. ஒரு தூசிப் புயல அனுப்புனா ஒரே அடியில மொத்தமும் காலி. சின்னப் பிள்ளகூட இப்படி ஆடாது."

"நான்தான் ஆடுனேன்," என்றாள் பிளாரன்ஸ்.

ஜெபசிங் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு, "அப்ப மரியான் ஏன் அடிக்கல?" என்றான். "பழைய படத்தக் காட்டுங்க."

அவள் கைப்பேசியைக் கொடுத்தாள். அவன் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே பின்னுக்குப் போனான். பிறகு முன்னுக்கு வந்தான்.

"மொத அஞ்சு நாள் ஒழுங்கா அடிச்சிருக்கான். இன்னா, இதுல ஒங்க ரெண்டு கப்பல் போயிருக்கு. ஆறாம் நாள்ல இருந்து பாருங்க. இந்தச் சின்ன டக் இருக்குல்லா, இழுவைக் கப்பல்? அத இங்கன ஒரு கட்டம், மறுநாள் திரும்ப அங்கன ஒரு கட்டம். பதினேழு நாளா அதேதான். வேற எதயும் தொடல."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்னத்தச் சொல்ல? ஆட்டத்த முடிக்க மனசு இல்ல போலருக்கு."

ஜெபசிங் வெளியே போய்விட்டான். பிளாரன்ஸ் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். இரும்பு சில்லிட்டது. அண்ணனின் கை எது, அது இல்லாத கை எது என்று ஐந்தே நாளில் மரியான் கண்டுபிடித்துவிட்டான். அண்ணன் எந்தக் கப்பலையும் வீட்டுக்குத் திருப்புகிறவன் அல்ல. அப்புறமும் அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வராமல் இருக்க அவனும் பதினேழு நாள் அந்தக் குட்டிக் கப்பலை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள்? அங்கே என்ஜின் அறைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவன் எதைப் பார்த்திருப்பான்? இன்று காலை படம் அனுப்பியவன், வராத பதிலுக்காக எத்தனை முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்திருப்பான்?

மூன்றரை மணிக்குச் சாமியாரின் வண்டி தெரு முனையில் நின்றது. பெட்டியின் மூடியைச் சுவரோரத்திலிருந்து எடுத்து வந்தார்கள். பிளாரன்ஸ் கூடத்துக்கு வந்து எல்லாருக்கும் நடுவில் நின்று மரியானுக்கு வீடியோ அழைப்பை அழுத்தினாள்.

ஸ்டெபி எழுந்துவிட்டாள். "வேண்டாம்னு சொன்னம்லா!"

"அவனுக்குத் தெரியும் மைனி. பதினேழு நாளாத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"நான்தான். எனக்கே தெரியாமச் சொல்லிட்டேன்."

ஸ்டெபிக்குப் புரியவில்லை. அழைப்பு போய்ச் சேர்ந்ததும் மரியான் எடுத்துவிட்டான். திரையில் முதலில் ஆரஞ்சு நிறம் மட்டும் தெரிந்தது. வேலை உடுப்பிலேயே நின்றான். முகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, தாடி. பின்னால் என்ஜின் இரைந்தது. அவன் யாருக்கு என்ன என்று கேட்கவில்லை.

"மைனி, பெட்டிய மூடியாச்சா?"

"இல்ல," என்றாள் பிளாரன்ஸ்.

கைப்பேசியைப் பெட்டியின் பக்கம் திருப்பினாள். ஒரு நேரம் மின்விசிறி தெரிந்தது, ஒரு நேரம் யாருடைய சேலையோ தெரிந்தது. "அண்ணன் எங்க? எனக்குத் தெரியலயே," என்ற குரல் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது. ஐந்து வருடமாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

ஸ்டெபி கைப்பேசியைப் பிடுங்கினாள். அதை அணைக்கப் போகிறாள் என்றுதான் பிளாரன்ஸ் நினைத்தாள். ஜெபசிங்கும் அப்படி நினைத்து ஓரடி முன்னால் வந்தான்.

ஸ்டெபி திரையை உற்றுப் பார்த்தாள். "எப்படிலே எளச்சுப் போய்க் கெடக்க," என்றாள். அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. அவள் பெட்டியருகே மண்டியிட்டு, ஜெனோவின் தாடை வரை ஏறிக் கிடந்த மாலைகளை ஒற்றைக் கையால் நெஞ்சுக்குத் தள்ளினாள். கன்னத்தில் ஒட்டியிருந்த ரோஜா இதழை எடுத்துப் போட்டாள். பிறகு கையை நீட்டிக் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சாமியார் உள்ளே வந்து, நின்று, புத்தகத்தைத் திறந்து செபத்தைத் தொடங்கினார். கூட்டம் பதில் சொன்னது. எல்லாவற்றுக்கும் அடியில், கைப்பேசிக்குள் என்ஜின் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. கைப்பேசியை அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை. மூடியைப் பிடித்திருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

நேரம் போகப் போக ஸ்டெபியின் வலது கை தாழத் தொடங்கியது. அவள் இடது கையை வலது முழங்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.